க்ளூனி மடாதிபதி ஹியூவும் செமூர் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரபு குடும்பங்களின் பிடிக்குள் சிக்காத மடம் என்று பெயர் வாங்கியது பிரான்சின் பர்கண்டி பகுதியிலுள்ள க்ளூனி. அந்த மடத்தை 1049 முதல் 1109 வரை, அறுபது ஆண்டுகள், ஆண்டவரோ ஒரு கோட்டைப் பிரபுவின் மூத்த மகன். இது எப்படி ஒத்துப்போகும் என்பதுதான் நமக்கு வரும் கேள்விகளில் பாதி. மீதிப் பாதி, பெனடிக்ட் சபை மடங்களில் குடும்பச் செல்வாக்கு எந்த வழியாக நுழைந்தது என்பது. இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில்.

ஹியூ யார்? எந்த வீட்டுப் பிள்ளை?

1024இல் பிறந்தவர். தந்தை டால்மாஸ், பர்கண்டியின் தென்பகுதியில் செமூர் கோட்டையின் பிரபு. தாய் அரம்பர்ஜ், வெர்ஜி வீட்டுப் பெண். மூத்த மகன் என்பதால் கோட்டையும் நிலமும் வாளும் அவருக்கே வந்திருக்க வேண்டும். அவரை வீரனாக்கத்தான் தந்தையும் நினைத்தார். பையனுக்கு மனம் புத்தகத்தில் இருந்தது. ஓசேர் ஆயர் (பிஷப்) ஹியூவிடம் படிக்க அனுப்பினார்கள். அந்த ஆயர் பையனுக்குப் பெரிய தாத்தா முறை. ஷாலோன் பகுதியை ஆண்ட பிரபுவான கவுண்டும் அவரேதான். ஆயர் மகுடமும் கவுண்டின் வாளும் ஒரே ஆளிடம் இருந்ததை அன்று யாரும் வினோதமாகப் பார்க்கவில்லை.

பதினைந்து வயதை ஒட்டி க்ளூனியில் சேர்ந்தார். இருபத்து நாலை ஒட்டி, மடாதிபதிக்கு அடுத்த நிலையான பிரையர் ஆனார். 1049 ஜனவரி முதல் நாள் மடாதிபதி ஓடிலோ இறந்தார். அடுத்த மாதமே, 25 வயது நிரம்பும் முன், அந்த இடத்தில் ஹியூ அமர்ந்தார். 1109இல் இறந்தார், 1120இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஒரு முன்னெச்சரிக்கை. இந்தக் கதையில் ஹியூக்கள் பலர். ஓசேர் ஆயர் ஒருவர், மடாதிபதி ஒருவர், பர்கண்டி டியூக் ஒருவர், 1122இல் சில மாதங்கள் மட்டும் மடாதிபதியாக இருந்த இன்னொருவர். பெயர்க் குழப்பத்தால் உறவுமுறையைத் தப்பாகப் போடுவதுதான் இந்தப் பாடத்தில் புதிதாக நுழைபவர்கள் செய்யும் முதல் பிழை.

அந்தக் காலத்து மடாதிபதிகள் எல்லாருமே பிரபு வீட்டாரா?

பெரும்பாலும் ஆம். க்ளூனியில் தெளிவான விதிவிலக்கு மூன்றாவது மடாதிபதி ஐமார். எளிய குடும்பத்தவர், நிர்வாகத்தில் கெட்டிக்காரர். நிலக்கொடைச் சாசனங்கள் ஏராளமாகச் சேர்ந்தது அவர் காலத்தில். பார்வை போனதும் அடுத்த மடாதிபதியாக மயோலை முன்நிறுத்தி ஒதுங்கிக்கொண்டார்.

மற்றவர்கள் பிரபு வீட்டிலிருந்து வந்ததற்குக் காரணம் மடத்தில் சேரும் முறையிலேயே இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குவிதியில் 73 அதிகாரங்கள். அதில் 59ஆவது, பிள்ளையை மடத்துக்கு ஒப்படைப்பது பற்றியது. விண்ணப்பத்தைப் பெற்றோர் எழுத வேண்டும். திருப்பலிக்கான காணிக்கையோடு, அந்த விண்ணப்பத்தையும் பிள்ளையின் கையையும் சேர்த்துப் பீடத் துணியில் சுற்றி ஒப்படைக்க வேண்டும். இனி இவனுக்கு நேராகவோ வேறொருவர் மூலமாகவோ எந்தச் சொத்தும் தரமாட்டோம் என்று சத்தியமும் செய்ய வேண்டும். சொத்து கொடுக்க ஆசை இருந்தால் மடத்துக்கு எழுதிவைக்கலாம், விரும்பினால் அனுபவ பாத்தியதையை, அதாவது ஆயுள் உள்ளவரை அதன் பலனை அனுபவிக்கும் உரிமையை, தங்களுக்கு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றுமில்லாத ஏழை வெறும் விண்ணப்பத்தோடு, சாட்சிகள் முன்னிலையில் பிள்ளையை ஒப்படைத்தால் போதும்.

விதி ஏழைக்கும் இடம் வைத்தது. நடைமுறையில் பிள்ளையோடு நிலமும் வந்தது, நிலமுள்ளவர்களின் பிள்ளைகளே அதிகம் வந்தார்கள். இலத்தீனும் பாட்டும் சிறுவயதிலிருந்து ஊறியவர்களே பிறகு மேலே போனார்கள்.

ஒரு குடும்பம் மடத்தைக் கையில் வைத்திருப்பது என்றால் நடைமுறையில் என்ன?

பல வழிகள் உண்டு, ஒன்றுக்கொன்று வேறானவை.

மிக வெளிப்படையானது, துறவி அல்லாதவரே மடாதிபதி பட்டத்தை வைத்திருப்பது. பேரரசர் சார்லமேனின் மகள் பெர்த்தாவின் துணைவர் ஆங்கில்பெர்ட் சான் ரிக்கியே மடத்தைக் கையில் வைத்திருந்தார். அவர்கள் மகன் நித்தார்டும் பின்னாளில் அதே மடத்துக்குத் தலைவர். தூர் நகரின் புனித மார்ட்டின் மடம், பின்னாளில் பிரெஞ்சு அரசரான ஹியூ காப்பேயின் குடும்பத்திடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. வருமானத்தைப் பிரபு எடுத்துக்கொள்வார், ஒரு பங்கு துறவிகளின் சாப்பாட்டுக்கு ஒதுக்கப்படும்.

இரண்டாவது, மடம் நிறுவியவரின் சொத்தாகவே நீடிப்பது. பாட்டன் கட்டிய மடம் பேரனுக்கு ஆலையும் திராட்சைத் தோட்டமும் போல வாரிசு உரிமையில் வரும். மடாதிபதியை நியமிப்பதும் அந்த உரிமையில் அடங்கும்.

மூன்றாவது, ஜெர்மானியப் பகுதிகளில் வலுவாக இருந்த மடக் காவலர் பதவி. துறவி இரத்தம் சிந்தும் தண்டனை தரக்கூடாது, போர் செய்யவும் கூடாது. அதனால் மடத்தின் நிலங்களில் கனமான குற்றங்களை விசாரிக்க ஒரு பிரபு காவலராக இருப்பார். அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு என்பது பரவலான கணக்கு. பதவி பரம்பரையானதும் வேலியே பயிரை மேய்ந்தது. இதற்கு மருந்து தேடியவர்கள் ஹிர்சாவ் மடத்தார். 1075இல் கால்வ் கவுண்ட் அடால்பெர்ட் உரிமையை விட்டுக்கொடுத்தபோது, காவலரைத் தன் குடும்பத்திலிருந்தே எடுக்க ஏற்பாடு செய்தார். ஆனால் அவர் கெட்டவராகப் போனால் மடாதிபதியும் துறவிகளும் அவரை நீக்கிவிட்டு வேறொருவரைத் தேடலாம். பல ஜெர்மன் மடங்கள் அந்த வாசகத்தைப் பின்பற்றின.

நான்காவதுதான் நமக்குச் சுவையானது. பட்டம், சொத்துரிமை, காவல் எதுவும் குடும்பத்திடம் இல்லை, மடாதிபதியே அந்த வீட்டுப் பிள்ளை. சாசனத்தில் இதற்கு எதிராக ஒரு வரி எழுத முடியாது.

க்ளூனியின் நிறுவனச் சாசனம் சரியாக எதைத் தடுத்தது?

அக்விட்டேன் டியூக் வில்லியம் க்ளூனி ஊரையும் மடத்துக்கான நிலங்களையும் எழுதிக்கொடுத்த நாள் செப்டம்பர் 11. ஆண்டு 909ஆ 910ஆ என்பதில் அறிஞர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். அந்த ஊர் அவருக்கு அவர் சகோதரி ஆவா வழியாக வந்தது. சாசனத்தின் புண்ணியப் பட்டியலில் ஆவாவுக்கும் இடம் உண்டு.

முக்கியமான ஏற்பாடுகள் இவை. சொத்து முழுவதும் அப்போஸ்தலர்களான புனித பேதுருவுக்கும் பவுலுக்கும். முதல் மடாதிபதி பெர்னோ. அவருக்குப் பின் பெனடிக்ட் விதிப்படி துறவிகளே தங்கள் மடாதிபதியைத் தேர்ந்தெடுப்பார்கள். கொடுத்தவரோ அவர் உறவினரோ அரசரோ தலையிடக்கூடாது. கவுண்ட், ஆயர், ஏன் உரோமைத் திருத்தந்தையே (போப்பே) ஆனாலும் இந்தச் சொத்தைப் பறிக்கவோ குறைக்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரோமைக்கு 10 சொலிடஸ், அங்குள்ள பேதுரு பவுல் ஆலய விளக்குக்கு. ஒரு சொலிடஸ் என்பது 12 வெள்ளி டெனாரியஸ், ஆகவே மொத்தம் 120 நாணயம். வாடகை என்று சொல்லவே முடியாத தொகை. யாருக்கும் கீழ்ப்பட்டதல்ல, உரோமையின் பாதுகாப்பில் இருக்கிறது என்பதற்கு அடையாளம் மட்டும்.

பிறகு வருகிறது சாபப் பகுதி. மீறுபவனை, பைபிளில் மோசேயை எதிர்த்த தாத்தான், அபிராம் என்ற இருவரையும் விழுங்கியதுபோல் பூமி உயிரோடு விழுங்கட்டும், யூதாசோடு நரகத்தில் வேகட்டும். கூடவே 100 பவுண்டு தங்கம் அபராதம். சாபத்தைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. வாசலில் நீதிமன்றம் இல்லாத காலத்தில் அதுதான் வேலி.

சாசனம் ஒன்றே மடத்தைக் காப்பாற்றிவிட்டதா?

இல்லை. இதே மாதிரியான உறுதிமொழிகள் வேறு மடங்களுக்கும் கிடைத்திருந்தன, அவை பேரன் காலத்தில் காற்றில் போயின. க்ளூனிக்குச் சில அதிர்ஷ்டங்கள் சேர்ந்தன. வில்லியமுக்குப் பின் நிற்க மகன் இல்லை. 918இல் அவர் இறந்தார், வாரிசாக வந்த சகோதரி மகன்களும் சில ஆண்டுகளிலேயே மறைந்தார்கள். "எங்கள் தாத்தா கட்டிய மடம்" என்று உரிமை பேச ஆளில்லை.

அதற்குள்ளேயே ஒரு ஓட்டை தெரிந்தது. 927இல் இறந்த பெர்னோ, தன் கையிலிருந்த மடங்களை உயிலில் இரண்டாகப் பிரித்தார். க்ளூனியும் சிலவும் சீடர் ஓடோவுக்கு. ஜிஞி உள்ளிட்ட மற்றவை தன் உறவினர் கீக்கு. பெர்னோ க்ளூனிக்கு ஒதுக்கிய சொத்தில் ஒரு பகுதியைக் கீ திருப்பிப் பிடித்துக்கொள்ள, வழக்கு திருத்தந்தை வரை போனது. வெளியாளைப் பற்றியே பயந்த சாசனம், மடாதிபதியின் சொந்தக்காரரைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை.

உண்மையான கவசம் பிறகு வந்தது. 998இல் திருத்தந்தை ஐந்தாம் கிரகோரி, மடாதிபதி அழைக்காமல் எந்த ஆயரும் க்ளூனிக்குள் குருப்பட்டமோ திருப்பலியோ நடத்தக்கூடாது என்றார். 1024இல் பத்தொன்பதாம் யோவான் அந்த விலக்கை எங்கிருக்கும் க்ளூனித் துறவிக்கும் நீட்டினார். உள்ளூர் ஆயரான மாக்கோன் ஆயர் மறுவருடமே ஆன்சில் நடந்த ஆயர் கூட்டத்தில் எதிர்த்து வாதாடினார். உள்ளூர் ஆயர் நாற்காலியும் உள்ளூர்ப் பிரபு வீட்டுப் பிள்ளைகள் அமர்வதுதான் என்பதை நினைவில் வைத்தால் இந்தச் சண்டையின் காரம் புரியும்.

மடாதிபதியைத் துறவிகள்தான் தேர்ந்தெடுத்தார்களா?

விதியின் 64ஆவது அதிகாரம் இரண்டு வழி சொல்கிறது. எல்லாரும் ஒருமனதாகத் தேர்வது, அல்லது எண்ணிக்கையில் சிறிதானாலும் தெளிந்த புத்தியுள்ள பகுதியினர் தேர்வது. யார் தெளிந்தவர் என்பதை யார் முடிவு செய்வது? அங்கேதான் கதவு திறந்திருக்கிறது. பெரும் குடும்பத்தின் ஆதரவு பெற்ற பத்துப் பேர் தங்களையே தெளிந்த பகுதி என்று சொல்லிக்கொள்ளலாம்.

க்ளூனி நூறாண்டு வரை வேறு முறையில் சமாளித்தது. உயிரோடிருக்கும் மடாதிபதியே அடுத்தவரைச் சுட்டிக்காட்டுவார், துறவிகள் ஒப்புக்கொள்வார்கள். பெர்னோ ஓடோவை, ஐமார் மயோலை, மயோல் ஓடிலோவை. கேட்டால் தேர்தலைக் கெடுத்ததுபோல் தோன்றும். ஆனால் மடாதிபதி இறந்து அடுத்தவர் வரும்வரையிலான வெற்றிடத்தில்தான் பிரபுக்கள் படையோடு வருவார்கள், அந்த வெற்றிடமே இல்லாமல் போனது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஓடோ தூர் பக்கத்தவர், மயோல் புரோவான்ஸ், ஓடிலோ ஒவெர்ன் பகுதியின் மெர்க்கூர் வீடு, ஹியூ பர்கண்டி. அடுத்தடுத்து வந்த இருவர் ஒரே வீட்டார் இல்லை. ஒவ்வொருவரும் புதிய ஊரின் உறவுகளையும் நிலங்களையும் கொண்டுவந்தார்கள், எந்த வீடும் வேரூன்றவில்லை.

ஓடிலோ மட்டும் யாரையும் சுட்டாமல் துறவிகளிடமே விட்டார். அவர்கள் ஹியூவைத் தேர்ந்தார்கள். அதே 1049 அக்டோபரில் ரைம்ஸ் சபையில், பதவியைக் காசு கொடுத்து வாங்கினாயா என்று ஒவ்வொரு ஆயரையும் மடாதிபதியையும் திருத்தந்தை ஒன்பதாம் லியோ கேட்டார். பலர் நெளிந்தார்கள். உடல் ஆசைப்பட்டது, மனமும் அறிவும் மறுத்துவிட்டன என்பது ஹியூவின் பதில்.

உறவினரைப் பற்றி பெனடிக்ட் விதி என்ன சொல்கிறது?

மூன்று இடங்கள் பார்க்க வேண்டும். 2ஆவது அதிகாரம்: சுதந்திரக் குடியில் பிறந்தவனை, அடிமையாயிருந்து வந்தவனுக்கு முன்னால் வைக்காதே. 54: பெற்றோரிடமிருந்து வரும் கடிதமோ சிறு பொருளோ மடாதிபதிக்குத் தெரியாமல் வாங்காதே. 69: மடத்துக்குள் ஒருவன் இன்னொருவனுக்குப் பரிந்து பேசக்கூடாது, எவ்வளவு நெருங்கிய இரத்த உறவானாலும். கடைசி விதி யாருக்காக எழுதப்பட்டது என்று யோசித்தால் போதும். அண்ணன், தம்பி, சித்தப்பா என்று ஒரே வீட்டார் ஒரே மடத்தில் சேர்வது பெனடிக்ட் காலத்திலேயே நடந்தது.

செமூர் வீட்டுக்கு ஹியூவால் என்ன லாபம்?

உறவைத் தமிழ் முறையில் போட்டால் எளிது. ஹியூவின் உடன்பிறந்தாள் ஹெலி, பர்கண்டி டியூக் முதலாம் ராபர்ட்டின் மனைவி. ராபர்ட் அவளைத் தள்ளிவைத்தான். மாமனார் டால்மாஸைத் தன் கையாலேயே கொன்றான் என்றும் பழைய மரபு சொல்கிறது. ஹெலியின் மகள் கான்ஸ்டன்ஸ். அவளுக்கு ஹியூ தாய்மாமன். 1079இல் அவள் லியோன், காஸ்டில் அரசர் ஆறாம் அல்போன்சோவை மணந்தாள். அவர்கள் மகள் உர்ராக்கா பின்னாளில் தானே அரசி. ஹெலியின் மகன் வழிப் பேரன் ஹென்றி, அல்போன்சோவின் இன்னொரு மகள் தெரேசாவை மணந்து போர்ச்சுகல் கவுண்ட் ஆனார். அவர் மகன் அஃபோன்சோ ஹென்றிக் போர்ச்சுகலின் முதல் அரசர். ஒரு சிறு கோட்டை வீடு இரண்டு தலைமுறையில் ஐபீரிய அரியணைகளுக்குப் போயிற்று.

இதைப் படித்ததும் பலர் ஒரு தப்பான முடிவுக்கு வருகிறார்கள்: கல்யாணம் செய்துவைத்து ஹியூ ஸ்பெயின் தங்கத்தை வாங்கினார் என்று. தேதிகளைப் பாருங்கள். ஆண்டுக்கு 1,000 தங்கக் காசு தருவதாக ஏற்றவர் அல்போன்சோவின் தந்தை ஃபெர்டினாண்ட். மகன் அதை 2,000 ஆக இரட்டிப்பாக்கியது 1077இல், கல்யாணத்துக்கு இரண்டாண்டு முன்பு. 1072இல் அண்ணன் சான்சோவிடம் சிறைப்பட்டிருந்தபோது க்ளூனியின் செபமே தன்னை விடுவித்தது என்று அல்போன்சோ நம்பினார். தங்கம் முதலில் வந்தது, உறவு பின்னால் வந்தது. அந்தத் தங்கமோ, தெற்கே சிதறிக் கிடந்த முஸ்லிம் அரசுகள் அல்போன்சோவுக்குக் கட்டிய கப்பம். 1088இல் தொடங்கிய, 187 மீட்டர் நீளத்தை எட்டிய க்ளூனியின் மூன்றாவது பேராலயம் அந்தக் கப்பத்தை நம்பி எழுந்தது.

மர்சின்யி குடும்ப மடம்தானே?

ஒரு விதத்தில் ஆம், இதை மறைக்க வேண்டியதில்லை. 1055ஐ ஒட்டி செமூர் வீட்டு நிலத்தில், சகோதரர் ஜெஃப்ரியோடு சேர்ந்து ஹியூ நிறுவிய கன்னியர் மடம் அது. க்ளூனி குழுமத்தில் பெண்களுக்கு முதல் இடம். ஹியூவின் தாய் அங்கே சேர்ந்தார், சகோதரி எர்மங்கார்ட் முதல் பிரையராக இருந்தார். வீட்டு ஆண்கள் கணவனாக, தந்தையாக இருந்து பிறகு துறவி ஆனபோது, பெண்களுக்கும் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. அதுதான் நடைமுறைக் காரணம்.

கன்னியர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு 99. நூறாவது ஆள் மரியன்னை, மடத்துத் தலைவியும் அவரே. பாட்டு வரிசையில் அவருக்கென்று ஓர் இருக்கை காலியாக வைக்கப்படும், உணவு நேரத்தில் அவர் பங்கும் பரிமாறப்படும். பக்தியாகத்தான் செய்தார்கள். கூடவே, தலைவி பதவிக்காக எந்த வீடும் சண்டை போட முடியாமல் போனது. உயிருள்ள பெண்களில் மூத்தவர் பிரையர் மட்டுமே, மேலதிகாரம் க்ளூனி மடாதிபதியிடம். ஆங்கிலேய அரசன் வில்லியமின் மகள் அடேலா, பிளுவா கவுண்டின் விதவை, பின்னாளில் இங்கேதான் சேர்ந்தார்.

குடும்பம் மடத்தைப் பாதித்ததா, மடம் குடும்பத்தைப் பாதித்ததா?

1078ஐ ஒட்டி நடந்ததைக் கேளுங்கள். ஹெலியின் பேரனான பர்கண்டி டியூக் முதலாம் ஹியூ, மனைவி இறந்தபின் பதவியைத் தம்பி ஓடோவிடம் விட்டுவிட்டு க்ளூனியில் துறவியானார். பாட்டியின் சகோதரர் நடத்தும் மடம். திருத்தந்தை ஏழாம் கிரகோரிக்குக் கோபம் வந்தது. 1079 ஜனவரியில் மடாதிபதிக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: நீ ஒரு டியூக்கை க்ளூனியின் அமைதிக்குள் இழுத்துக்கொண்டாய், ஒரு இலட்சம் கிறிஸ்தவர்கள் காவலனை இழந்துவிட்டார்கள். நல்ல துறவிகள் நிறையக் கிடைப்பார்கள், நல்ல பிரபு கிடைப்பது அரிது என்பது அவர் வாதம். குடும்பங்கள் மடங்களைச் சுரண்டியதைத் தேடிப் போகிறவர்கள் இந்தக் கடிதத்தில் திகைத்துப்போவார்கள், இங்கே ஒரு மடம் பிரபு வீட்டையே காலி செய்துகொண்டிருக்கிறது.

நிலம் கொடுத்த குடும்பத்துக்குக் கைமாறாக என்ன கிடைத்தது?

செபம், இறந்தவர் பெயர் நினைவுப் பட்டியலில் ஏறுவது, மடத்து மண்ணில் அடக்கம், கடைசிக் காலத்தில் துறவி அங்கி. மர்சின்யியில் எழுதப்பட்ட நினைவுப் பட்டியல் ஒன்றில் சுமார் 10,000 பெயர்கள் உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளும் ஓடிலோ தம் மடங்களுக்காக ஏற்படுத்தியது. நம் ஊர்க் கத்தோலிக்கர் அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கத்தின் மூலம் அந்தத் தேதியே.

இந்த ஏற்பாட்டின் செலவை யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடவில்லை. இறந்த ஒவ்வொரு துறவியின் நினைவு நாளிலும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு. நூற்றைம்பது ஆண்டு கழித்து இறந்தோர் எண்ணிக்கை உயிரோடிருப்போரை விழுங்கத் தொடங்கியது. இறந்தவர்கள் உயிருள்ளவர்களை விரட்டக்கூடாது என்று 12ஆம் நூற்றாண்டில் மடாதிபதி பீட்டர் ஒரு நாளைக்கு 50 பேர் என்று வரம்பு கட்ட வேண்டி வந்தது.

கொடுத்த நிலத்தை வாரிசுகள் திருப்பிக் கேட்டார்களா?

அடிக்கடி. அதனால்தான் கொடையாளியின் மனைவி, பிள்ளைகள், சகோதரர்கள் ஒப்புக்கொண்டதைச் சாசனத்திலேயே எழுதுவார்கள். அப்படியும் அப்போது சிறுவனாயிருந்த மகனோ, கல்யாணமாகி வந்த மருமகனோ பிறகு வந்து நிற்பான். மடம் பெரும்பாலும் வழக்கை இழுக்காது. கொஞ்சம் காசோ ஒரு குதிரையோ கொடுத்து விடுதலைச் சாசனம் வாங்கிக்கொள்ளும். பக்கத்துப் பிரான்சியோன் பிரபுக்களான குரோசி குடும்பம் தலைமுறைக்கு ஒருமுறை தாராளமாகக் கொடுத்தது, தலைமுறைக்கு ஒருமுறை சண்டையும் போட்டது. இதைப் பக்தியும் பகையும் மாறி மாறி வந்ததாகப் பார்க்கத் தேவையில்லை. எல்லை ஒட்டிய இரண்டு பண்ணைக்காரர்களின் உறவு எங்கேயும் இப்படித்தான்.

பெரிய வீட்டு மடாதிபதியால் மடம் கெட்டதும் உண்டா?

உண்டு. ஹியூவுக்குப் பின் வந்த போன்ஸ், மெல்கேய் கவுண்டின் மகன். அவர் காலத்தில் செலவு ஏறியது, ஸ்பெயின் தங்கம் தேய்ந்தது, உள்ளே அணிகள் பிரிந்தன. 1122இல் உரோமையில் பதவி விலகிப் புனித நாடு போனார். பிறகு திரும்பி வந்து, மடாதிபதி பீட்டர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, ஆயுதம் தாங்கிய ஆட்களோடும் ஊர்க்காரர் ஆதரவோடும் க்ளூனியைப் பிடித்தார். வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கிண்ணங்களையும் சிலுவைகளையும் உருக்கினார்கள். உரோமைக்கு அழைக்கப்பட்டு, தண்டிக்கப்பட்டு, 1126 கடைசியில் காவலில் இறந்தார்.

அப்படியானால் அவருக்குப் பின் வந்த பீட்டரைச் செமூர் வீட்டு ஆள் என்று குறை சொல்லலாமா? தாய்வழியில் ஹியூவுக்குப் பேரன் முறைதான். தாய் ரைங்கார்ட் மர்சின்யியில் உணவுக் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். சகோதரர்களில் ஒருவர் வெஸ்லே மடாதிபதி, ஒருவர் லா ஷேஸ் டியு மடாதிபதி, ஒருவர் பிரான்சின் லியோன் நகரப் பேராயர். காகிதத்தில் பார்த்தால் அப்பட்டமான குடும்ப ஆட்சி. ஆனால் எந்தெந்தப் பண்ணை எந்தெந்த மாதம் மடத்துக்குச் சோறு போட வேண்டும் என்று கணக்கு எழுதிக் கடனிலிருந்து மீட்கப் போராடியவர் அவர்தான். என் பார்வையில், பிறந்த வீட்டைவிட, படையும் கருவூலமும் யார் சொல்லுக்கு அசைந்தன என்பதைப் பார்க்க வேண்டும். ஹியூவும் பீட்டரும் வீட்டாரை மடத்துக்குள் துறவியாகக் கொண்டுவந்தார்கள். போன்ஸ் கொண்டுவந்தது வாளோடு வந்த ஆட்களை.

பிரபு செல்வாக்கு எப்போதும் கெடுதல்தானா?

ஃப்ளெரி மடத்தைப் பாருங்கள். 930ஐ ஒட்டி அதை ஓடோவிடம் சீர்திருத்தக் கொடுத்தவர் ஒரு கவுண்ட், எலிசியார். துறவிகள் கூரையேறிக் கல்லெறிந்தார்கள், வாளும் எடுத்தார்கள். கூட வந்த கவுண்டுகளும் ஆயர்களும் மூன்று நாள் பேசியும் பலனில்லை. கடைசியில் ஓடோ தனியாகக் கழுதையில் ஏறிப் போனார், அவர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டார்கள். கழுதையை எல்லாரும் நினைவில் வைக்கிறார்கள். அந்த மடத்தை அவர் கையில் வைத்தது கவுண்ட்.

பிற்காலத்தில் க்ளூனி யார் கைக்குப் போனது?

திருத்தந்தையும் பிரெஞ்சு அரசரும் செய்துகொண்ட 1516 ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சு மடங்களின் தலைவரை முன்மொழியும் உரிமை அரசருக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டில் லொரேன், கீஸ் குடும்பத்துக் கர்தினால்கள் க்ளூனி வருமானத்தைப் பெற்றார்கள், பிறகு அரசின் முதலமைச்சர்களாக இருந்த கர்தினால்கள் ரிஷ்லியூ, மசாரின். வில்லியமின் சாபம் யார்மீதும் பலித்ததாகத் தெரியவில்லை. 1790இல் புரட்சி மடத்தை மூடியது, பேராலயம் கல் கல்லாக விற்கப்பட்டது.

சாசனத்தை வைத்துக் குடும்பச் செல்வாக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

க்ளூனிக்கு 5,000க்கும் மேற்பட்ட சாசனங்கள் அச்சில் உள்ளன. முதலில் கொடையாளியை விட்டுவிட்டு, ஒப்புதல் தந்தவர் வரிசையைப் பாருங்கள். யார் பெயர் இல்லையோ அவர்தான் பத்தாண்டு கழித்து வழக்கோடு வருவார். அடுத்து எல்லைகள். மாக்கோன் பகுதிச் சாசனங்கள் நிலத்தை நாலு பக்கமும் சொல்லும்: காலைப் பக்கம், நண்பகல் பக்கம், மாலைப் பக்கம், வடகாற்றுப் பக்கம். காலை என்றால் கிழக்கு, நண்பகல் என்றால் தெற்கு. அதில் ஏதோ ஒரு பக்கம் "புனித பேதுருவின் நிலம்" என்று வந்தால் மடம் ஏற்கெனவே அடுத்த வயலில் இருக்கிறது, இந்தக் கொடை பழைய உறவின் தொடர்ச்சி.

பிறகு அனுபவ பாத்தியதை. ஆயுள் உள்ளவரை நிலம் தன்னிடமே என்று நிறுத்திக்கொண்டிருந்தால் மடத்துக்கு அன்று ஒரு படி தானியமும் வரவில்லை. சாட்சிப் பட்டியலில் பெயருக்கு முன் ஒற்றை எழுத்தும் சிலுவையும் இருப்பதைக் கையெழுத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் எழுதியவர் எழுத்தரே, சாட்சி தொட்டிருந்தாலே பெரிது. தேதி அரசர் ஆட்சியாண்டில் இருக்கும், பத்து ஆண்டு வரை முன்பின்னாகப் போக இடம் உண்டு.

கடைசியாக, அதிகம் சறுக்கும் இடம். ஒரே வயலைத் தாத்தா கொடுத்திருப்பார், மகனும் கொடுத்திருப்பார், பேரனும் கொடுத்திருப்பார். மூன்று சாசனம், மூன்று கொடை என்று கூட்டினால் கணக்கு பொய்யாகும். எல்லை வரிகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒரே வயல்தான் என்று தெரிந்தால் அதை ஒன்றாகவே எண்ணுங்கள், மற்ற இரண்டையும் சண்டைக் கணக்கில் சேருங்கள்.